ஆப்பு என்றால் நிறுத்து

பாவா,

இன்று காலை நம் மர மில்லுக்கு லோடு கொண்டுவந்த லாரி டிரைவர், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க, "ஆப்பு ஏதாச்சும் இருக்குதாங்க?" என்று சத்தமாகக் கேட்டார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மில்லில் ஆப்பு என்றால், அறுபடும் மரம் ரம்பத்தை இறுக்காமலிருக்கப் பிளவில் செருகும் கட்டை. மச்சான் முறை வைத்து உங்களைப் பாவா என்று மில்லே கூப்பிடுமே, அந்தத் தெலுங்கில் கிட்டத்தட்ட அதே சத்தத்துக்கு 'நிறுத்து' என்று பொருள். திருத்தணியில் இது பழைய வேடிக்கை. சுவிட்சில் நின்ற காசிம் பாய்க்கு இரண்டும் தெரியும். எந்தக் குரலில் சொன்னால் கட்டை, எந்தக் குரலில் சொன்னால் சுவிட்ச் என்பதும் தெரியும். பதினெட்டு வருஷம் நீங்கள் மரம் தள்ள, அவர் சுவிட்சைப் பார்த்துக்கொண்டார். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் காவடிக் கூட்டத்துக்கு இருவரும் மில் வாசலில் மோர் ஊற்றுவீர்கள். அரை நாள் வேலை கெட்டதே என்று நான் முகம் சுளிப்பேன்.

பிறகுதான் கூலிக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்ட்காரர் வந்தார். "பாய்க்குக் குடுக்கிற சம்பளத்துல ரெண்டு ஆளு தர்றேங்க" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். பாயை வீட்டுக்கு அனுப்பினேன். தெலுங்கு தெரியாத சேலம் பக்கத்து ஆள் ஒருவன் சுவிட்சுக்கு வந்தான்.

நீங்கள் மட்டும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றீர்கள். "புச்சா வந்தவன் நல்லவன்தான் மொதலாளி. ஆனா நான் கத்தினா அவனுக்குப் புரியணுமே?"

"தமிழ்லயே கத்துங்க பாவா" என்று சிரித்தேன். என் மனம் கோணக் கூடாதென்று நீங்களும் சிரித்தீர்கள்.

மூன்றாவது வாரம் உங்கள் துண்டு பெல்ட்டில் சிக்கியது. உயிர் பயத்தில் தாய்மொழிதானே வாயில் வரும். "ஆப்பு! ஆப்பு!" என்று அலறினீர்கள். அடுக்கியிருந்த மரங்களுக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு நீங்கள் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. சொன்ன வேலையைத் தட்டாதவன் அவன். சுவிட்சை விட்டுவிட்டு, கட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே நீங்கள் போய்விட்டீர்கள்.

"அவருதாங்க கேட்டாரு, எடுத்துட்டு ஓடுனேன்" என்று போலீஸிடம் அழுதான். அவன்மேல் தப்பில்லை. உங்களைக் கொன்றது என் பேராசை.

காசிம் பாயைத் திரும்பக் கூப்பிடப் போனேன். உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "நான் அங்க நின்னிருந்தா அவரு இன்னிக்கு டீ குடிச்சிகினு இருப்பாருங்க. அந்த சுவிட்ச நான் எப்பிடித் தொடறது?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது மில்லில் அந்தக் கட்டைக்கு முளை என்று பேர் வைத்துவிட்டோம். ஆப்பு என்று யார் வாயில் வந்தாலும் முதலில் சுவிட்ச் அணையும், பிறகுதான் என்ன ஏது என்று கேட்பது. சுவிட்சுக்கு இரண்டு பேச்சும் தெரிந்த ஆளைத்தான் வைக்கிறேன், கேட்கிற சம்பளத்துக்கு. உங்களுக்குப் பிறகு வந்த புத்தி, என்ன பிரயோஜனம்?

போன ஆடிக் கிருத்திகைக்கு மில்லை மூடிவிட்டு நானே மோர் ஊற்றினேன். வரிசையில் உங்கள் வீட்டம்மா வந்தார். நான் டம்ளரை நீட்டினேன். என்னைப் பார்த்தார். பக்கத்து ஆளிடம் வாங்கிக் குடித்துவிட்டு மலையேறிப் போனார்.

அந்த டம்ளரை நான் இன்னும் கீழே வைக்கவில்லை, பாவா.