வலிக்குப் பத்துக்கு எத்தனை

பாப்பாவின் அம்மாவுக்கு,

பாப்பாவுக்கு எடுத்த ஸ்கேனும் நார்மல். எட்டு மாத வயிற்றுவலியில் இது ஐந்தாவது நார்மல். டாக்டர் கைகுலுக்கி வாழ்த்தாத குறைதான். உன் அக்கா போனில், "ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறா" என்று கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை எதற்கு நடிக்கிறாள் என்பதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று பாப்பாவைக் கேட்டு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். இந்த மாதம் முழுக்க இரண்டு, மூன்றுதான். "குறைஞ்சிட்டு வருது" என்று மருந்தைப் பாதியாக்கிவிட்டார்.

நேற்றுக் காலை குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். எத்தனை என்று கேட்டேன்.

"ரெண்டு."

"பொய் சொல்லாதடி."

"எட்டுன்னு சொன்னா நீ சாப்பிடாமயே ஆபீஸ் போயிடுறியேப்பா."

ஆக, ஒரு மாதமாக டாக்டர் அந்த நோட்டில் கவனமாகப் படித்தது என் சாப்பாட்டு நிலவரத்தை.

நாளை அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். ஊருக்கு வர உன்னை லீவு கேட்கச் சொல்லக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். கேட்டுப் பார்.

இன்று காலை அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கடைசிக் கவளத்தை விழுங்கிய பிறகுதான், "ஒன்பதுப்பா" என்றாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா