கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ

என் அன்பான இஞ்சேருங்கோ,

நாற்பத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயரை எழுத இன்றைக்கும் கை வரவில்லை.

நீங்கள் போய் ஏழு மாதம். அசோக் நகர் வீட்டில் உங்கள் நாற்காலி மேல் துவைத்த துணியைப் போட்டு வைத்திருக்கிறேன். வெறுமையாகப் பார்க்க முடியவில்லை. கடைக்குப் போனால் வாயைத் திறப்பதில்லை, திறந்தால் "கேரளாவாம்மா?" என்கிறார்கள். என் யாழ்ப்பாணத் தமிழை இவர்களுக்குப் புரிய வைக்க நீங்கள்தானே இருந்தீர்கள்? உங்களை எடுத்த அன்று காதில் "கெதியா வாறன்" என்றேன். சீக்கிரம் உங்கள் பின்னாலேயே வந்துவிடத்தான் ஆசைப்பட்டேன்.

இதற்குள் விசா முடியப்போனது. அந்தப் படிவமெல்லாம் நீங்கள் பார்த்த வேலை. வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட வயதானவர்களுக்கு வழி சொல்லும் இடம் ஒன்று கோட்டூர்புரத்தில் இருக்கிறது என்றார்கள், போனேன். அங்கே ரேவதி என்று ஒருத்தி. ராயப்பேட்டைக்காரி, வாயில் மோட்டார்.

"இன்னாம்மா, இன்னா பேப்பர் கீது உன்கிட்ட? பாஸ்போர்ட்டு எட்த்துக்கினு வந்தியா?"

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "பிள்ளை, கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றேன்.

மெதுவாக என்பதற்கு நாம் சொல்கிற சொல். இங்கே ஆறுதல் என்றால் துக்கத்தைத் தேற்றுவது மட்டும்தானே? பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதம்மா. நான் கீறேன்ல?"

நான் அழவேயில்லை. அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் அழுதேன்.

படிவத்தை அவளே நிரப்பினாள். விசாவும் கிடைத்தது. அடுத்த வியாழக்கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். "ஆறுதல் வேணும்னு கேட்டியேம்மா. அதான், சும்மா பேசிக்கினு இருக்கலாம்னு வந்தேன்."

பிழையைத் திருத்த வாயெடுத்தேன். திருத்தினால் அப்படியே திரும்பிப் போய்விடுவாளோ? நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன். கோபமா உங்களுக்கு?

நாலு வியாழன் மறைத்தேன். ஐந்தாவது வாரம் மனசு கேட்கவில்லை, உண்மையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த வாரமும் வந்தாள்.

மற்ற ஆறு நாளும் வீடு அப்படியேதான் கிடக்கிறது, உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் அன்று காதில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். கெதியாக இல்லை.

ஆறுதலாக வருவேன்.

உங்கட மனுசி