இரண்டு கார்டுக்கு ஒரு ஸ்லாட்

செவ்வாய்க் கிரகம், நாள் 212 – 07:30
துளையிடும் முகாம். பதிவு: ராயப்பன், கருவிப் பழுதுநீக்கம். வெளியே மைனஸ் 61. உடன் இருப்பவர் புவியியலாளர் சுலைகா. இதுவரை பதினான்கு பனிக்கட்டி மாதிரிகள் எடுத்திருக்கிறாள். துளைக்கருவிக்கு பெல்ட் மாற்றினேன். வேறொன்றுமில்லை.

நாள் 213 – 11:50
சுரங்கக் கூரை சரிந்தது. சுலைகாவின் விலா எலும்புகள் நொறுங்கிவிட்டன. இழுத்து வந்து கூடாரத்தில் கிடத்தினேன். பெரிய ரேடியோ போய்விட்டது. மிஞ்சியது என் கையடக்கக் கணினியும் அதில் செருகும் ரேடியோ கார்டும்தான். அவளுக்கு மூச்சு பம்ப் இல்லாமல் முடியாது. பம்ப் நன்றாக இருக்கிறது, அதை இயக்கும் பெட்டிதான் நசுங்கிக் கிடக்கிறது. பெட்டிக்குள் இருந்த கார்டு தப்பியிருக்கிறது. கைச் சிலிண்டர் ஐந்து மணி நேரம் வரும்.

நாள் 213 – 16:20
பம்ப் கார்டு தடிமன், கணினியில் உள்ள ஒரே ஸ்லாட் ஒடுக்கம். ஓரங்களை அரத்தால் ராவினேன். கார்டுக்கு ஐந்து வோல்ட் வேண்டும், கணினி மூன்றுதான் தருகிறது. ஹெல்மெட் விளக்கின் பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்தேன். இருபத்தாறு பின்களுக்கும் மயிரிழைக் கம்பியை ஒவ்வொன்றாகச் சாலிடர் வைத்தேன். கார்டையே நிரந்தரமாகப் பற்றவைத்திருந்தால் வேலை பாதிதான். தொடர்பு அறுந்தால் தேடி வரும் கப்பலுக்குப் பதில் சொல்ல ரேடியோ வேண்டுமே என்று, எந்தக் கார்டையும் செருகி எடுக்கும்படி விட்டிருக்கிறேன்.
16:05-க்கு, சிலிண்டர் தீரும் நேரத்தில், பம்ப் ஓடியது. “ராயப்பண்ணே, காத்து வருது” என்றாள்.

நாள் 215 – 18:00
விதிப்படி கப்பல் நாளையும் நாளை மறுநாளும் 14:10-க்கு எங்கள் தலைக்கு மேல் கடக்கும். ஒவ்வொரு முறையும் ஆறு நிமிடம். இரண்டு முறையும் பதில் இல்லையென்றால் யாரும் உயிரோடில்லை என்று திரும்பிவிட வேண்டும், அதுதான் உத்தரவு.
ஒத்திகை பார்த்தேன். பம்ப் கார்டை எடுத்து ரேடியோ கார்டைப் போட்டேன். ரேடியோ உயிர் பெறுவதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது. அவசரமாக மாற்றினேன். அவள் தேற ஒரு மணி நேரம் ஆனது. இனி அதைச் செய்யமாட்டேன்.
உடைந்த பெட்டியிலிருந்து இரண்டாவது ஸ்லாட் செய்துகொண்டிருக்கிறேன். 213-லிருந்து தூங்கவில்லை. என் மகள்களின் வயதைக் கேட்டாள். ஒன்பது, பதினொன்று.

நாள் 216 – 14:30
கப்பல் கடந்தது. நான் கார்டை எடுக்கவில்லை. இரண்டாவது ஸ்லாட் வேலை செய்யவில்லை. கப்பல் தாமதம், இன்று வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்தாள்.
“பொய் சொல்ல வரலைண்ணே உங்களுக்கு.”
நாளையும் எடுக்கமாட்டேன் என்றேன்.  தூங்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

நாள் 217 – 15:40
 சாலிடர் கோலோடு உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். ஓர் ஆண் குரல் எழுப்பியது. கப்பலின் விமானி யோகநாதன்.
“விளங்குது தங்கச்சி. இடத்தைக் குறிச்சிட்டம்.”
கணினி சுலைகாவின் மார்பில் இருந்தது. ஸ்லாட்டில் ரேடியோ கார்டு. பம்ப் சத்தம் இல்லை. பிடுங்கி மாற்றினேன். பம்ப் ஓடியது. நெஞ்சை அழுத்தினேன். விலா எலும்பு என்றுகூடப் பார்க்கவில்லை, அழுத்தினேன்.
ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறது. பம்ப் இன்னும் ஓடுகிறது. நிறுத்த மனம் வரவில்லை.

நாள் 218 – 14:13
14:05-க்கு பம்பை நிறுத்தினேன். ரேடியோ கார்டைப் போட்டேன். கப்பலிலிருந்து யோகநாதன் சொன்னது, அப்படியே:
“நாளைக்குக் காலமை இறங்குறம். அங்க உயிரோட இருக்கிறது ஒரே ஒரு ஆள்தான், அவர் நித்திரை, எழுப்ப வேண்டாம் எண்டு நேற்றுக் கதைச்ச பிள்ளை சொன்னவ. எங்களுக்கு விளங்கேல்லை. அப்ப அந்தப் பிள்ளை ஆர்?”
இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. பெயரைச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். திரும்பவும் சொன்னேன். சுலைகா. அவள் இங்கேதான்