உன் அப்பா பெயருக்காக ஒரு சண்டை

என்னைத் தனியாக விட்டுப் போன சுகந்திக்கு,

நீ போய் நாற்பது நாள். பிரசவத்துக்குப் போனவளைப் பெட்டியில் கொண்டுவந்தோம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிறேன், வயர் பார்க்கிறேன், வீட்டுக்கு வருகிறேன். கோபம் மட்டும் குறையவில்லை. உன் அண்ணன் மேல். கொஞ்சம் உன் மேலும்தான்.

நேற்று பெம்பானில், உங்கள் வீட்டில், நம் மகனுக்குப் பெயர் பேசினோம். அண்ணன் ஒரு தாளை நீட்டினார். "த்ருவேஷ். நம்பர் பாத்தாச்சு மாப்ள."

"அர்த்தம் என்ன மச்சான்?"

"அர்த்தம் கெடக்கட்டும்லா. கூட்டுனா அஞ்சு வருது."

நீ ஆசைப்பட்ட பெயரைச் சொன்னேன். நாகூரான். உன் அப்பா பெயர்.

"ஐயோ, முஸ்லிம் பேருன்னு நெனப்பானுங்க. ஸ்கூல்ல, ஆபீஸ்ல, போற எடமெல்லாம் வெளக்கம் சொல்லணும். நான் பட்டது போதும்."

அதனால்தான் விசிட்டிங் கார்டில் அப்பா பெயரை வெறும் 'என்.' இனிஷியல் ஆக்கிவிட்டாரா? நாகூரான் என்றால் நாகூர் தர்காவுக்கு வேண்டிப் பெற்ற பிள்ளை. உன் அப்பாவுக்கு முன் பிறந்த இரண்டும் எஸ்டேட் காய்ச்சலில் போய்விட்டன. தோட்டத்துக்குத் துணி விற்க வந்த மரைக்காயர் ஒருவர், மலாயாவிலிருந்து ஊருக்குக் கப்பலேறியபோது உங்கள் வீட்டு வேண்டுதலையும் கொண்டுபோய் அங்கே சேர்த்தார். அடுத்தது பிழைத்தது. சாமி மேடையில் முருகன் அப்படியே இருந்தார். பிள்ளைக்கு மட்டும் நாகூர் பெயர். எனக்கே நீ சொல்லித்தான் தெரியும்.

நீ இந்தப் பெயரைச் சொன்ன அன்றைக்கு நானும் சிரித்தேனே. "பையன கேலி பண்ணுவானுங்கலா" என்றேன். பிறகு சரி என்று சொல்ல எத்தனை நாள் இருந்தது? ஏன் சொல்லவில்லை? நீயாவது இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே, சுகு?

"அந்தப் பேர வச்சா புள்ளயத் தூக்கிட்டுப் போயிடு. எங்கம்மா பாத்துக்க மாட்டாங்க" என்றார் அண்ணன்.

பால் புட்டி கழுவிக்கொண்டிருந்த அத்தை திரும்பினார். "நாகூரான் பெத்த மவனே, வாய மூடுடா!"

உன் அம்மா! கிளினிக்கில் கேட்டால்கூடப் புருஷன் பெயரைச் சொல்லாமல் ஐசி அட்டையை நீட்டுகிறவர். அண்ணன் கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி என் முகத்தில் முழிக்க மாட்டாராம். முழிக்க வேண்டாம்.

இன்று காலை பதிவு செய்துவிட்டேன். கவுண்டரில் சமயம் என்ன என்று இரண்டு தரம் கேட்டார்கள். இந்து என்று இரண்டு தரம் சொன்னேன். என்ன குறைந்துவிட்டது?

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான். ஆனால் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவன் கேட்கும்போது முழுதாகச் சொல்வேன். நான் சிரித்ததையும் மறைக்க மாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
நாகூரானின் மருமகன், நாகூரானின் அப்பா.