கட்டை வைத்த நாற்காலி

இன்று காலை நகம் வெட்டிக்கொள்ள உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். என் கால்கள் தரையில் படவில்லை. நாற்காலியின் கால்களுக்குக் கீழே அந்த றப்பர் மரக் கட்டைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. தண்ணீர் எடுக்கப் போன பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமாவதி வாசலில் நின்று பார்த்தாள்.

"மாத்தயா, அந்தக் கட்டைய எடுத்துப் போடுங்க. விழுந்தா யார் தூக்குறது?" என்றாள்.

தலையாட்டினேன். யார் எது சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். எஸ்டேட் ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அது போகவில்லை. ஆனால் அவள் போன பிறகு நான் கட்டையை எடுக்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல வருடமாகத் தேய்ந்துபோயிருந்த உன் இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு வேறு மூட்டு வைத்து, கொழும்பிலிருந்து உன்னை வாடகைக் காரில் கூட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? அவிசாவளை தாண்டியதும் மழை. ஒவ்வொரு வளைவிலும் உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். "என்னைப் பாக்காதீங்க, ரோட்டப் பாக்கச் சொல்லுங்க டிரைவர" என்றாய். டாக்டர் சொல்லி அனுப்பிய எச்சரிக்கை ஒன்றுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. குனியக்கூடாது. தாழ்வாக உட்காரக்கூடாது. காலை மடக்கிக் கீழே கை நீட்டினால் புது மூட்டு கழன்றுவிடும், மறுபடி பூட்ட முடியுமா என்று சொல்ல முடியாது. நீ மறுபடி நடப்பதும் நடக்காமல் போவதும் அதில்தான் இருந்தது.

நம் வீட்டில் எல்லாமே தாழ்வு. அடுப்பு தாழ்வு, பலகை தாழ்வு, கக்கூஸ் சொல்லவே வேண்டாம். உன் முழங்கால் உயரத்தை நூலில் அளந்து, அதற்கு மேல் நான்கு விரல் கூட்டி, தோட்டத்தில் தச்சு வேலை செய்யும் பாஸிடம் கட்டை அறுக்கச் சொன்னேன். அளவு சரிதானா என்ற சந்தேகத்தில் மறுபடி அளக்க வந்தபோது நீ சிரித்தாய். "கல்யாணத்துக்கு ரவிக்கை அளவெடுத்தவன்கூட இத்தனை தடவ வரல." இன்னொரு பழைய நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு வாளி வைத்தோம். மகளும் மருமகனும் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய்விட்டார்கள். வீட்டில் நாம் இருவர்தான். சோறு வடிக்க, உனக்குத் தலை பின்ன, சேலை மடிப்பைச் செருகிவிட எல்லாம் பழகிக்கொண்டேன். நீயும் கேலி செய்துகொண்டே இடம் கொடுத்தாய்.

கால் விஷயத்தில் மட்டும் இடம் கொடுக்கவில்லை. பாதம் கழுவ நான் தண்ணீர் கொண்டுவந்தால் சேலையை இழுத்து மூடிக்கொள்வாய். "அது கெடக்கட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்." நாட்கள் போயின. நகம் வளர்ந்து போர்வையில் மாட்டியது. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த தாலியை நீயே போட்டுக்கொண்டாய். மெட்டிகள் மட்டும் உன் முந்தானை முடிச்சிலேயே கிடந்தன. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருக்கையில் நாற்காலி முனகும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, மெட்டியைப் பிடித்த கையைக் காலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாய். ஓடிவந்து உன் தோளைப் பிடித்து நிமிர்த்தினேன். உள்ளே தாளிதம் கருகிப்போனது.

"செத்தாலும் நீங்க என் காலத் தொடக்கூடாதுங்க. பாவம் எனக்குத்தான் வரும்."

"கல்யாணத்துல நான்தானே போட்டுவிட்டேன்?"

"அது ஐயரு சொன்னாரு, போட்டீங்க. இப்ப யாரு சொன்னா?"

"டாக்டர் சொன்னார்" என்றேன்.

சிரிப்பு வந்துவிட்டது உனக்கு. "ஒங்களுக்கு எப்பவும் யாராச்சும் சொல்லணும்" என்றாய். காலையும் இழுத்துக்கொள்ளவில்லை. முதல் மெட்டி கை நழுவி உருண்டு ஓடி மேசைக்கடியில் போனது. தவழ்ந்து எடுத்தேன். விரல் வீங்கியிருந்ததால் மெட்டியின் வாயைச் சற்று விரித்து மாட்ட வேண்டியிருந்தது. இறுக்கமா, தளர்வா என்று கேட்டுக்கேட்டுச் செய்தேன்.

அதன்பின் வாரம் ஒருமுறை மணைப்பலகையில் உட்கார்ந்து, உன் பாதத்தை வெந்நீரில் ஊறவைத்து மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டுவேன். அப்படி ஒரு நாளில்தான் பலாங்கொடையிலிருந்து உன் அக்கா சொல்லாமல் வந்து வாசலில் நின்றார்.

"நல்லாருக்குடி. புருஷன் மடியில காலத் தூக்கி வச்சிக்கிட்டு மகாராணி மாதிரி. ஏன் தம்பி, இந்தத் தோட்டத்துல ஒரு பொம்பள ஆள் கெடைக்கலையா ஒங்களுக்கு?"

உன் கால் என் கைக்குள் விறைத்தது. மற்ற நேரமாக இருந்தால் நான் எழுந்து, அவருக்கு நாற்காலி போட்டு, தேத்தண்ணி வைக்கிறேன் என்று அடுப்படிக்குள் மறைந்திருப்பேன். அன்று ஏன் அப்படிச் செய்யவில்லை என்று இப்போதும் தெரியவில்லை. நான் காலை விட்டால் நீ அதை மறுபடி என்னிடம் தரமாட்டாய், யாரும் இல்லாத நேரத்தில் மறுபடி குனிவாய் என்ற பயமாக இருக்கலாம்.

"இருங்க மதினி. இன்னும் ஒரு விரல் இருக்கு" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் நீ சொன்னாய்: "அவர ஒண்ணும் சொல்லாதக்கா. டாக்டரு இடுப்புக்குள்ள எவர்சில்வர் சாமான் வச்சி அனுப்பியிருக்காரு. அது காணாமப் போயிரக்கூடாதுன்னு இவரு காவல் காக்குறாரு."

அக்கா பையைத் தூணோரம் வைத்தார். "அப்ப தேத்தண்ணி நான்தான் போடணுமாக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். உன் பாதம் மெல்ல இளகி என் மடியில் பாரமாகப் படிந்தது. அந்தப் பாரம் எனக்கு இப்போதும் தெரியும்.

நீ நடந்தாய். முதலில் கம்போடு, பிறகு கம்பு இல்லாமல். கோயில் மேடு வரை போய்வந்து, "சாமான் பத்திரமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே படியேறுவாய். உன்னைக் கொண்டுபோனது அந்த மூட்டு இல்லை, எங்கிருந்தோ வந்த காய்ச்சல்.

அன்று பெண்கள் உன்னைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்திவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே ஆண்களோடு நின்றிருந்தேன். அக்கா கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். அவர் உள்ளங்கையில் மெட்டிகள்.

"உள்ள வாங்க தம்பி. வெரல் மெலிஞ்சிருச்சி, போடப்போட கழண்டு விழுது. எங்களுக்குக் கை வரல. ஒங்களுக்குத்தான் அளவு தெரியும்."

அந்த மணைப்பலகையைத் தேடி எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெட்டியின் வாயை இம்முறை நெருக்க வேண்டியிருந்தது. இறுக்கமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சோமாவதி மாலையில் மறுபடியும் குடத்தோடு வந்தாள். நாற்காலியைப் பார்த்துவிட்டு, "எடுக்கலியா மாத்தயா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

காரணம் சொல்வேன் என்று காத்து நின்றாள். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். நீ என்னைவிட உயரம் என்பது கல்யாணத்தன்றே ஊர் சொன்னதுதான். இந்த நாற்காலி உன் முழங்காலின் அளவு. இதில் உட்கார்ந்தால் எனக்குக் கால் தொங்கும். தொங்கட்டும். கட்டையை வைத்திருக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை.