கம்பளிக் கோட்டும் மகளின் பூச்சிப் பெட்டிகளும்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்ல உடம்போடு இருந்தால் அதுவே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் பூச்சிப் பெட்டிகளைக் கேட்டாய், எட்டாவது படிக்கும்போது பிடித்த அந்தப் பச்சை வண்டு ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றாய், நானும் எல்லாம் பத்திரமா இருக்கும்மா என்றேன். அது பொய். ஒன்பது பெட்டியில் ஏழு போய்விட்டது, பச்சை வண்டும் அதில்தான் இருந்தது. குண்டூசியும் நீ எழுதிக் குத்தின சீட்டும் அப்படியே நிற்கின்றன, கீழே பழுப்புப் பொடி கிடக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் கல்லூரி வாத்தியாரிடம் ஓடினேன். லென்ஸ் வைத்துப் பார்த்து, கடுகளவே இருந்த ஒரு புள்ளி வண்டைக் காட்டினார். அதன் புழு கம்பளி, காய்ந்த பூச்சி எதையும் விடாதாம். இது உலகம் பூரா பரவினது சார், பெரிய பெரிய மியூசியமே இதுகிட்ட திணறுது, நீங்க என்ன பண்ணுவீங்க என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. அதையே எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அம்மா பார்த்துவிட்டு, வாத்தியாருக்குத் தெரியாதது நமக்குத் தெரியுமே, அதையும் எழுதுங்க என்றாள்.

நீ போன மறுவாரமே உன் அறையில் என் தையல் மிஷினைப் போட்டேன். கடையில் இடமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன், இடமெல்லாம் இருந்தது. வெளிநாடு வேண்டாம் என்று அத்தனை சொல்லியும் போனாளே, இனி அவளுக்கு எதற்கு அறை என்ற ஆத்திரம். பிரித்துத் தைக்க வந்த பழைய கம்பளிக் கோட்டுகளை உன் பெட்டிகள்மேல்தான் குவித்தேன். ஜன்னலோரம் இந்த வண்டு ஊர்வதை மாதக்கணக்கில் பார்த்தேன், விரலால் நசுக்கிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். பாச்சை உருண்டை மாத்தினீங்களாப்பா என்று நீ கேட்டபோதெல்லாம் மாத்திட்டேன் என்றேன். ஒருதடவைகூட மாற்றவில்லை.

மிஷினை நேற்றுக் கடைக்கே கொண்டுபோய்விட்டேன். தப்பித்த இரண்டு பெட்டிகளும், புழு இருந்தால் குளிரில் சாகட்டும் என்று, வாத்தியார் சொன்னபடி ஃப்ரீசரில் இருக்கின்றன, அதற்காக அம்மா முகம் சுளிக்காமல் ஐஸ்கிரீமை எடுத்து வெளியே வைத்தாள், நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து தின்று தீர்த்தோம்.

உன் குணம் எனக்குத் தெரியும், விடுங்கப்பா, பூச்சிதானே என்பாய். அப்படிச் சொல்லாதேம்மா. ஆத்திரம் தீரத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். குளிரில் காதை மூடிக்கொள். விசாவைக் கெடு முடிவதற்குள் புதுப்பித்துவிடு. இங்கே திரும்பி வா என்று இனிச் சொல்லமாட்டேன், நீ அங்கேயே நிம்மதியாக இரு.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அப்பா