சவாசனத்தில் கேட்ட அழுகை

அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

நீ சொன்ன யோகா வகுப்புக்குப் போகிறேன். முதுகுவலி குறைந்திருக்கிறது. இன்று கடைசியாகச் சவாசனத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, பக்கத்து விரிப்பில் கிடந்த பாப்பா வீறிட்டு அழுதாள். நான் அசையவில்லை. டீச்சர்தான் வந்து தூக்கினார். “தூங்கிட்டேன்” என்றேன்.

“பாத்தீங்களா, உடம்பைத் தளர்த்துறதுன்னா இப்படித் தளர்த்தணும்!” என்று எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார்.

அக்கா, நான் தூங்கவில்லை. அவள் குரல் என்று தெரிந்தேதான் கிடந்தேன். யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும் என்றிருந்தது.

வீட்டில் அவரிடமும் தூங்கிவிட்டதாகத்தான் சொன்னேன்.

உன் பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு இப்படித் தோன்றியதுண்டா? என்னைத் தேற்றுவதற்காக எதுவும் எழுதாதே. வியாழக்கிழமை மறுபடி வகுப்பு. அதற்குள் பதில் போடு.

உன் தங்கை